கூடு விட்டுக் கூடு பாயும் பள்ளிகள்

வட சிலாங்கூரில், பத்தாங் காலி தொடங்கிக் கோல சிலாங்கூர் வரையுள்ள ஊர்களில் பயணம் செய்யும் ஒருவர், தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைச் சற்றே நின்று படிப்பாராயின் ஒரு விந்தையைக் காண்பார். பலகையில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்றிருக்கும். சுற்றிலும் தோட்டம் இராது. வரிசை வரிசையாக வீடுகளும் கடைத்தொகுதிகளும் தார்ச்சாலையுமே இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, தோட்டம் எங்கே?" என்று கேட்பானாயின், ஆசிரியர் ஒரு கணம் திகைக்கவே செய்வார். இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. சில பள்ளிகள் இன்றும் தோட்டத்தின் நடுவிலேயே நிற்கின்றன. அவற்றைச் சூழச் செம்பனை உண்டு. லயங்கள் இல்லை, அல்லது லயங்கள் இருந்தும் அவற்றில் தமிழ்க் குடும்பங்கள் இல்லை. பிள்ளைகள் வெளியூரிலிருந்து வேன் ஏறி வந்து படித்துவிட்டு மாலையில் திரும்புகின்றனர். ஓரிடத்தில் பெயர் இருக்கிறது, இடம் இல்லை. மற்றோரிடத்தில் இடம் இருக்கிறது, மக்கள் இல்லை.

இந்நாட்டில் புதிதாக ஒரு தமிழ்ப்பள்ளியைத் தோற்றுவிப்பது எளிய செயலன்று. ஆகவே ஒரு தோட்டம் விற்கப்பட்டு மக்கள் கலைந்து போகும்போது, அங்கிருந்த பள்ளியின் பதிவை மக்கள் மிகுந்து வாழும் வேறோர் ஊருக்கு மாற்றிக் கொள்வதே வழக்கமாகிவிட்டது. பள்ளியின் பெயர் செல்கிறது. பதிவு எண் செல்கிறது. ஆசிரியர் பணியிடங்கள் செல்கின்றன. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற பழைய கட்டடம் மட்டும் அங்கேயே நின்றுவிடுகிறது. சில காலத்தில் அதன் மீது கொடி படர்கிறது, அல்லது மண்வாரி இயந்திரம் வந்து சேர்கிறது.

சேக்கிழார் பெரியபுராணத்தில் திருமூலர் வரலாற்றைச் சொல்லுகிறார். மேய்ப்பவனாகிய மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறக் கண்ட யோகியார், இரக்கம் மேலிட்டுத் தம் உடலை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு மூலன் உடலிற் புகுந்தார். பசுக்களை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து தேடியபோது தம் பழைய உடலைக் காணவில்லை. அக்கதையில் இரண்டு செய்திகள் இப்பொருளுக்குப் பொருந்தும். அவர் உடல் மாறியது பசுக்களின் பொருட்டு. பள்ளிகள் இடம் மாறுவதும் பிள்ளைகளின் பொருட்டு. இரண்டாவது, திரும்பி வந்து தேடினால் பழைய உடல் இராது.

இங்கே ஓர் அறவினா எழுகின்றது. பள்ளி என்பது எது? கட்டடமா, பதிவா, மாணவரும் ஆசிரியருமாகிய கூட்டமா? கூட்டமே பள்ளி என்றால், விட்டுவந்த பழைய கட்டடத்திற்கு யாரேனும் ஏதேனும் கடன்பட்டிருக்கின்றனரா?

பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் இவ்வினாவுக்கு இருவேறு விடைகள் ஒலிக்கின்றன. ஒரு சாரார் பழைய பள்ளியை எண்ணிக் கண்கலங்குகின்றனர். அந்தக் காற்றும் அந்த நிழலும் இன்றைய பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லையே என்று இரங்குகின்றனர். மற்றொரு சாரார், "மழை பெய்தால் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுகாத மூலையைத் தேடி ஓடினோமே, அதையா போற்றுவது?" என்று கேட்கின்றனர். இருவரும் உண்மையே பேசுகின்றனர். ஆனால் இருவரும் பாதியைத்தான் பேசுகின்றனர்.

அக்கட்டடம் எவ்வாறு எழுந்தது என்பதை முதலில் நோக்கவேண்டும். மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். தோட்டப் பள்ளியின் வரலாறு வேறு. கூட்டு மலாய் மாநிலங்களில் 1912இல் வந்த தொழிலாளர் சட்டமும், பின்னர் 1923இல் வந்த சட்டமும், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தன. கடல் கடந்து ஆளை அழைத்து வருவது செலவு மிகுந்தது. குடும்பத்தோடு வந்து தங்கும் தொழிலாளி திரும்பிப் போகமாட்டான். குடும்பம் தங்கவேண்டுமானால் கோயிலும், ஆயாக் கொட்டகையும், பள்ளியும் வேண்டும். இக்கணக்கில்தான் பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் பிறந்தன. அறிவு வளரவேண்டும் என்னும் ஆர்வத்தில் பிறந்தவை மிகச் சில.

கணக்கிற் பிறந்த கட்டடம் கணக்குக்கு ஏற்றபடியே இருந்தது. நீண்ட ஒரே கூடம். இடுப்பளவுக்குப் பலகைச் சுவர். அதற்குமேல் காற்றுக்கும் சாரலுக்கும் திறந்த வெளி. வகுப்புகளைப் பிரிக்கச் சுவர் இல்லை, கரும்பலகையே சுவர். ஒரு பக்கம் முதல் வகுப்பு வாய்பாட்டைப் பாட, மறுபக்கம் நான்காம் வகுப்பு செய்யுளை ஒப்பிக்கும். பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர். அவரும் சில இடங்களில் கிராணியாகவோ கங்காணியாகவோ மருந்துக் கொட்டகையில் உதவுபவராகவோ இருந்து, மிஞ்சிய நேரத்தில் ஆசிரியரானவர். பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. ஆகவே காவிரியைக் கண்டிராத பிள்ளை காவிரியைப் பற்றிப் படித்தது, நாள்தோறும் கண்ட சிலாங்கூர் ஆற்றைப் பற்றி ஒரு வரியும் படிக்கவில்லை. நான்கு அல்லது ஆறாண்டுக் கல்வி முடிந்தால் கையில் உளியும் வாளியும் காத்திருக்கும். அப்பள்ளியின் கதவு பால்காட்டுப் பக்கமே திறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும் கட்டடத்தைப் பற்றிச் சொன்ன இதனை, முற்றத்தைப் பற்றிச் சொல்ல இயலாது. கட்டடம் நிருவாகத்தின் திட்டத்தில் இருந்தது; முற்றம் எவருடைய திட்டத்திலும் இல்லை. கட்டடம் போக எஞ்சிய நிலமே முற்றம். எவரும் திட்டமிடாத அவ்விடத்தில்தான் பிள்ளைகள் தங்கள் உலகைக் கட்டினர்.

விடியுமுன் பெரட்டு முடிந்து பெற்றோர் நிறைக்குச் சென்றுவிடுவர். லயத்தில் எஞ்சிய பிள்ளைகள் தாமே முகம் கழுவி, தாமே தலை சீவி, தம்பியையோ தங்கையையோ இடுப்பில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வருவர். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடி விழும்வரை முற்றம் அவர்களுடையது. சிறுமியர் மண்ணில் கோடு கிழித்து நொண்டியாடுவர்; சிறுவர் கிட்டிப்புள் அடிப்பர். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பால்மரக் காய் வெயிலில் வெடித்து விதை சிதறும். அந்த ஒலி வகுப்புக்குள் கேட்டால் பாடம் அரைக்கணம் நின்றுபோகும். புள்ளியும் கோடுமாகப் பளபளக்கும் அவ்விதைகளுக்கு முற்றத்தில் நாணய மதிப்பு உண்டு. இரண்டைக் கைக்குள் வைத்து நெரித்து எது உடைகிறது என்று பந்தயம் கட்டுவர், பல்லாங்குழிக்குக் காயாக்குவர், தரையில் தேய்த்துச் சூடேற்றி, குனிந்து எழுதும் தோழனின் கையில் வைத்து எடுப்பர். நிருவாகத்திற்குப் பயனற்றதாய்க் கழிந்த விதையே பிள்ளைகளுக்குச் செல்வமாயிற்று. எதைச் செல்வம் என்று கொள்வது என்பதைத் துரையின் கணக்குப் புத்தகம் முடிவு செய்யவில்லை; முற்றம் முடிவு செய்தது.

பள்ளி விட்டபின் அதே முற்றம் பெரியவர்களுக்கு உரியதாகும். திருவிழாக் கூட்டம் அங்கே கூடும். தொழிற்சங்கப் பேச்சாளர் வந்தால் அங்கே பேசுவார். வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால், பாய் விரித்து ஊரே அங்கே அமரும். கையெழுத்திடத் தெரியாத தந்தை, மகன் பரிசு வாங்குவதைக் காண அங்கேதான் நின்றார். தோட்டத்தில் எல்லா இடத்திலும் ஒருவன் மேலாளுக்குக் கீழாளாகவே நின்றான். இந்த ஓரிடத்தில் அவன் ஒரு பிள்ளையின் தகப்பனாக நின்றான்.

இதைப் படிக்கும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. முற்றத்தில் இருந்தவர்களை எண்ணும்போது இல்லாதவர்களையும் எண்ணவேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்தப்பட்ட மூத்த பெண் அங்கே இல்லை. பருவமெய்திய நாளோடு படிப்பை விட்டவள் அங்கே இல்லை. வீட்டு வருமானம் போதாமல் தாய்க்குத் துணையாக மங்கு துடைக்கச் சென்ற சிறுவனும் இல்லை. பழைய முற்றத்தைப் பற்றிய இனிய பேச்செல்லாம் அங்கே விளையாட வாய்த்தவர்களின் பேச்சே ஆகும்.

கட்டடம் தேவையே இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. தமிழ் மரபு அவர்களுக்குச் சான்று தருவது உண்மையே. திண்ணைப் பள்ளிக்குத் தனிக் கட்டடம் ஏது? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர் ஊராகச் சென்றபோது மாணவரும் உடன் சென்றனர். அவர் அமர்ந்த இடமே கல்லூரியாயிற்று. அவரிடம் பயின்ற உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் அக்கல்வியை விரிவாக எழுதி வைத்துள்ளார். சாந்திநிகேதனத்தில் தாகூர் 1901இல் தொடங்கிய பள்ளியில் மரநிழலே வகுப்பறை. ஆகவே சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் நடந்ததை அறிந்தவர் அவ்வாறு எளிதிற் கேட்கமாட்டார். சமையற்கூடத்தில் பற்றிய தீ, வகுப்புகளின் மேலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 பிள்ளைகளின் உயிரைக் கொண்டு சென்றது. நெருக்கமான அறைகளும், குறுகிய வழியும், எரியும் கூரையும் அவர்களைக் கொன்றன. அப்பெற்றோரின் முன் நின்று, 'பள்ளி என்பது கட்டடமன்று, ஆன்மா' என்று பேச எவருக்கு நா எழும்? உயிர் உயர்ந்தது என்பதற்காக உடலைப் பட்டினி போடுவது ஞானமன்று. ஒழுகும் கூரையின் கீழ்ப் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு ஆசிரியரின் தியாகத்தைப் பாடுவது, உண்மையில் கூரை வேயக் கடமைப்பட்டவரைத் தப்பவிடுவதாகும். ஆகவே பழைய கட்டடத்தை விட்டு, காற்றும் வெளிச்சமும் உறுதியும் உள்ள புதிய கட்டடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் பிழை செய்தவரல்லர். அவர்கள் செய்யத்தக்கதையே செய்தனர்.

சென்றவர்கள் எல்லாரும் விரும்பிச் சென்றவர்களா என்பது வேறு கேள்வி. சப்பானியர் ஆட்சியில் தோட்டத்து ஆண்களில் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பள்ளிகள் பல மூடிக் கிடந்தன. போர் முடிந்து மீண்டும் எழுந்தவை, 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 என்று கணக்கிடப்பட்டன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது முன்போல் ஆள் தேவைப்படவில்லை. இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்திலேதான். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்ச்சொல்லைப் பெயராகக் கொண்ட தோட்டத்தில் வேர்விட்ட அந்தப் பயிர், தமிழர் வாழ்ந்த லயங்களைப் பின்னாளில் காலியாக்கியது வரலாற்றின் முரண்.

1990களில் நெடுஞ்சாலையும் புதிய நகரங்களும் வந்தன. உலு சிலாங்கூரில் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மேரி, மிஞ்ஞாக் என்னும் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர், 245 குடும்பத்தினர், சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த செய்தியை நாளேடு படிக்கும் எவரும் அறிவர். புக்கிட் தாகாரில் ஒரு பகுதி 2005 முதல் தலைநகரின் குப்பையைப் புதைக்கும் நிலமாயிற்று. மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கே இத்துணைக் காலம் பிடித்ததென்றால், ஒரு பலகைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எவர் கவலைப்பட்டிருப்பர்?

நிலம் யாருடையது என்ற கேள்வியும் இங்கே குறுக்கிடுகிறது. தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பள்ளி நின்ற மண்ணோ தோட்ட நிறுவனத்தினுடையது. பகுதி உதவி பெறும் பள்ளி என்று ஏடுகள் குறிப்பது இதனையே. சட்டப்படி நிறுவனம் தன் நிலத்தை விற்கலாம். வாங்கியவர் தம் நிலத்தைத் துப்புரவு செய்யலாம். ஆயினும் அக்கட்டடத்தின் பாதியைக் கட்டியவர் நிறுவனத்தார் அல்லர் என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. பின்னாளில் எழுந்த கூடுதல் அறைக்குச் சம்பளத்தில் வெள்ளி பிடித்துக் கொடுத்தவர் பெற்றோர். ஞாயிற்றுக்கிழமை மண் வெட்டித் திடலைச் சமன் செய்தவர் பெற்றோர். பூச்செடிக்கு வேலி கட்டியவர் மாணவர். உரிமை பத்திரத்தால் வருவது ஒன்று. உழைப்பால் வருவது மற்றொன்று. முன்னதை நீதிமன்றம் அறியும். பின்னதைப் பேச மனிதர் இருக்கும்வரையில்தான் அது உயிரோடிருக்கும்.

இதற்குப் பத்தாங் காலி என்னும் பெயரே கொடிய சான்றாக நிற்கிறது. 1948 திசம்பர் 12ஆம் நாள் இவ்வூரை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், படைக்கலம் ஏந்தாத சீனத் தொழிலாளர் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். அவர்கள் குடியிருந்த வீடுகளும் எரிக்கப்பட்டன. தப்பியோட முயன்றவர்கள் என்று அன்றைய அரசு அறிவித்தது. 1970இல் அப்படையினர் சிலரே பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்றில் உண்மையை வெளிப்படுத்தினர். பிரிட்டன் விசாரணை நடத்தவேண்டும் என்று உறவினர் தொடுத்த வழக்கு 2015இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சட்டப்படி அத்தகைய கடமை இல்லை என்பதே தீர்ப்பு. ஒரு பள்ளிக் கட்டடத்தின் மறைவை இக்கொடுமையோடு ஒப்பிடுவது தகாது. ஆனால் எரிந்த வீட்டின் இடத்தில் எது நிற்கமுடியும் என்பதை அச்சீனக் குடும்பங்களிடமிருந்து கற்கலாம். பெயர்களை அவர்கள் மறக்கவில்லை. எவர் எங்கே விழுந்தார் என்பதை மாற்றாமல், அழகுபடுத்தாமல், அறுபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிவந்தனர்.

அழகுபடுத்தாமல் என்னும் சொல்லே இங்கு முதன்மையானது. விட்டுவந்த பள்ளிக்குப் பட்ட கடன், அதன் பலகையையும் தகரத்தையும் காப்பதன்று. பல இடங்களில் அது இயலாது. இயன்றாலும் அப்பணத்தைப் புதிய பள்ளியின் நூலகத்திற்குச் செலவிடுவதே மேல். பட்ட கடன், அதைப் பற்றிப் பொய் சொல்லாதிருப்பது. பசுமையை மட்டும் பாடுவது, பசியோடு அங்கே அமர்ந்திருந்த பிள்ளையை மறைக்கும். வறுமையை மட்டும் பேசுவது, அவ்வறுமையிலும் விதையைச் செல்வமாக்கிய பிள்ளையின் ஆற்றலை மறைக்கும்.

பொய்யைத் தடுக்க நல்ல கருவி ஒன்று ஏறத்தாழ ஒவ்வொரு பழைய பள்ளியிலும் இருக்கக்கூடியதே. அது சேர்க்கைப் பதிவேடு. நூற்றாண்டு மலர்களும் விழா மலர்களும் மருத்துவரான மாணவரையும் வழக்கறிஞரான மாணவரையும் தேடிப் படம் வெளியிடுகின்றன. அதில் தவறில்லை, அவர்கள் பள்ளிக்குப் பெருமையே. ஆனால் பதிவேடு அவ்வாறு தேர்ந்தெடுப்பதில்லை. வரிசை எண், பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், நீங்கிய நாள் என்று ஒரே மையில் எல்லாரையும் எழுதி வைக்கிறது. முதல் மாணவனும் பாதியில் நின்றவளும் அங்கே அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றனர்.

பள்ளி இடம் மாறும்போது மேசை நாற்காலிகளை எண்ணி லாரியில் ஏற்றுவர்; கோப்பைகளும் கேடயங்களும் தாளிற் சுற்றப்படும். கரையான் அரித்த பழைய பதிவேட்டை எடுத்துச் செல்வதா, எரிப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய வேளையும் அப்போதுதான் வருகிறது. அதை எடுத்துச் செல்லும் தலைமையாசிரியர் ஒரு கட்டடத்தைத் தூக்கிச் செல்கிறார். எரிப்பவர், மண்வாரி இயந்திரத்துக்கும் எட்டாத ஒன்றைத் தம் கையாலேயே இடிக்கிறார். இடம் மாறி ஆண்டுகள் பல கடந்த பள்ளிகளிலும் அலமாரியின் அடித்தட்டில் அவ்வேடு கிடக்கலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவரை அதன் முன் அமர்த்தி, ஒரு பக்கத்தைப் பெயர் பெயராகப் படிக்கச் செய்தால், 'தோட்டம் எங்கே?' என்னும் வினாவுக்கு விடையில் ஒரு பகுதியாவது கிடைக்கும். மாணவருள் சிலர் தம் பாட்டியின் பெயரையே அங்கே கண்டுபிடிக்கவும் கூடும்.

அப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தையும் அவர்கள் படிக்கவேண்டும். அதன் தலைப்பு 'நீங்கிய காரணம்' என்றிருக்கும். தேர்ச்சி, மாற்றம், ஊர் திரும்பியது, வேலை என்று ஒரு சொல்லில் காரணங்கள் குறிக்கப்பட்டிருக்கும். சில வரிகளில் அக்கட்டம் வெறுமையாக இருக்கும். அந்த வரிகளில் பெயர்களைப் பார்த்தால் அவற்றுட் பல பெண்களின் பெயர்களாக இருக்கும்.